அந்த ஏணிப் படம் தவறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் பாக்டீரியாக்களின் சுரப்பு அமைப்புகளை, அதாவது புரதங்களை வெளியே அனுப்பும் இயந்திரங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இப்படியொரு விஷயத்துக்கு ஒரு நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. எழுதியவர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் படம்! ஓர் ஏணி. அடிப்படியில் ‘முதல் வகை’, உச்சிப்படியில் ‘ஒன்பதாம் வகை’, பக்கவாட்டில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, அதன்மேல் ‘பரிணாம வளர்ச்சி’ என்ற எழுத்து. படத்துக்குக் கீழே ஒரு வரி: மூன்றாம் வகையின் ஊசியிலிருந்துதான் பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழை தோன்றியதாம். படமும் தவறு, வரியும் தவறு. அந்த வரி எப்படித் தவறிப்போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதே வரியை நானே பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் விஞ்ஞானி இல்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆராய்ச்சி மாணவர்கள் சின்னக் குழாயில் கொண்டுவந்து நீட்டும் மாதிரியைச் சாயமேற்றிப் படமெடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆகவே இந்தச் சுரப்பு அமைப்புகளில் சிலவற்றைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை தலைமுறைகள் அல்ல. எந்த இயந்திரம் தனி இனம் என்று எப்போது புரிந்ததோ, ஏறத்தாழ அந்த வரிசையில் ஆராய்ச்சியாளர்கள் ஒட்டிய சீட்டுகள். மருத்துவமனையில் டோக்கன் எண் ஏழு வைத்திருப்பவர் ஆறாம் எண்காரரின் பிள்ளை என்று யாராவது நினைப்போமா? இங்கே மட்டும் நினைத்துவிடுகிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒரு கஷ்டம்தான். காலரா, டைபாய்டு, பிளேக் போன்ற நோய்களைத் தரும் பாக்டீரியாக்களுக்கு ஒன்றுக்கு இரண்டு சவ்வுகள். உள்ளே தயாரான புரதம் வெளியே போக வேண்டுமென்றால் இரண்டையும் தாண்ட வேண்டும். உள்சவ்வைத் தாண்ட ஏ.டி.பி. என்ற எரிபொருள் உள்ளேயே கிடைக்கும். வெளிச்சவ்வுப் பக்கம் அது கிடையாது. அங்கே தள்ளிவிட ஆளில்லாத கதவு. இந்த ஒரே சிக்கலைப் பல குடும்பங்கள் தனித்தனியாக, பல வழிகளில் தீர்த்திருக்கின்றன. முதல் வகை மூன்றே உறுப்புகளைக் கோத்து, உள்ளிருந்து வெளிவரை ஒரே குழாய் போட்டுவிடுகிறது. சிவப்பணுக்களை உடைக்கும் ஈ. கோலியின் ஹீமோலைசின் அந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. இரண்டாம் வகை அவசரப்படாது. புரதம் உள்சவ்வைத் தாண்டி, இடைவெளியில் ஒழுங்காக மடிந்து உருவம் பெற்ற பிறகே வெளியே அனுப்பும். காலரா நச்சு வெளியேறுவது இந்த வழியில். ஐந்தாம் வகைக்குத் ‘தானே கடத்தி’ என்று பெயர் வைத்தார்கள். புரதம் தன் வாலாலேயே வெளிச்சவ்வில் ஒரு துளை செய்து தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்கிறது என்று நினைத்து வைத்த பெயர். பிற்பாடு பார்த்தால், வெளிச்சவ்வுப் புரதங்களைப் பதிக்கும் வேறோர் இயந்திரம் கை கொடுக்காமல் அது நடப்பதே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எண் இப்படி, பெயர் அப்படி. இந்தத் துறையில் சீட்டைப் பார்த்து ஆளை எடை போடக் கூடாது.

சீட்டுக் குழப்பத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் உடலில் நீட்டியும் இழுத்தும் ஊர உதவும் மெல்லிய இழைகளில் ஒன்றுக்கு ‘நான்காம் வகை பைலஸ்’ என்று பெயர். அதற்கும் நான்காம் வகைச் சுரப்பு அமைப்புக்கும் உறவு இருக்கும் என்றுதானே தோன்றும்? இல்லை. அதன் நெருங்கிய சொந்தம் இரண்டாம் வகைச் சுரப்பு அமைப்பு. எத்தனை மாணவர்கள் தேர்வில் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள் என்று என்னைக் கேளுங்கள்.

இப்போது ஊசிக்கு வருகிறேன்.

மூன்றாம் வகை, புரதத்தை வேறோர் உயிரின் செல்லுக்குள் ஊசி போட்டதுபோல் செலுத்தும் இயந்திரம். 1998-ல் டைபாய்டுக் கிருமியின் குடும்பமான சால்மொனெல்லாவில் இந்த இயந்திரத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் படம் பிடித்துக் காட்டினார்கள். சவ்வுகளுக்குள் புதைந்த வளையங்கள், அவற்றின் மேல் நேராக நிற்கும் ஓர் ஊசி. ஊசியின் நீளம் சுமார் 80 நானோமீட்டர், தடிமன் சுமார் 8. உள்ளே இரண்டரை நானோமீட்டர் அளவில் ஒரு துளை. புரதம் மடிந்த நிலையில் அதற்குள் நுழைய முடியாது. மடிப்பு பிரிந்து, நூல் மாதிரி ஒற்றை இழையாகத்தான் போக வேண்டும். அந்தப் படம் வந்த பிறகு எங்கள் பக்கத்து ஆய்வகங்களிலும் அதே முயற்சி தொடங்கியது.

ஒருநாள் மாலை ஒரு மாணவன் குழாயோடு ஓடி வந்தான். மூன்று மில்லிமீட்டர் அகலச் செப்பு வலை. அதன் மேல் கார்பன் படலம். மாதிரியில் ஒரு சொட்டை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, வடிதாளின் ஓரத்தால் ஈரத்தை உறிஞ்சி, யுரேனைல் அசிட்டேட் சாயம் இட்டு, மறுபடி உறிஞ்சினேன். இந்த முறையில் பின்னணி கறுப்பாகவும் புரதம் வெள்ளையாகவும் தெரியும். லட்சம் மடங்கில் பார்த்தால், ஆகா! வளையங்கள், வளையங்களின் மேல் ஒரு தண்டு. பத்து இருபது இருக்கும். இருட்டறையில் கழுவி அச்சிட்டு, ‘ஊசி இயந்திரம், சால்மொனெல்லா’ என்று பின்பக்கம் எழுதிக் கையில் கொடுத்தேன். பையன் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

மறுநாள் காலை அவன் ஆசிரியை படத்தோடு என் அறைக்கு வந்தார். திட்டவில்லை. ஒரு ஸ்கேலை மேஜைமேல் வைத்து, “அளந்து பாருங்கம்மா” என்றார். லட்சம் மடங்கு என்றால் 80 நானோமீட்டர் ஊசி படத்தில் 8 மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனும் இருக்க வேண்டும். நான் அளந்தது ஐந்தரை மில்லிமீட்டர், தடிமன் இரண்டு. அதைவிட, ஊசி என்றால் நேராக இருக்க வேண்டாமா? இது தூண்டில் முள் மாதிரி வளைந்திருந்தது. நான் ஊசி என்று எழுதிக் கொடுத்தது கசையிழையின் அடித்தண்டு. அந்த வளைவு கசையிழையின் கொக்கி. பையன் அவசரத்தில் கசையிழை மரபணு நீக்கிய ரகத்தை எடுக்காமல் சாதாரண ரகத்தை வளர்த்துவிட்டான். நீண்ட இழை உடைந்துபோய்க் கொக்கி மட்டும் மிஞ்சியிருந்தது. பின்னணியில் கிடந்த இழைத் துண்டுகளையாவது நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

அந்த ஆசிரியை சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “நீங்க மட்டுமில்லை, யாரும் ஏமாறுவாங்க. ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.”

ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். கசையிழை என்றால் நீந்த உதவும் உறுப்பு என்று மட்டும் நினைக்கிறோம். அது வளரும் விதத்தைப் பாருங்கள். முடி வளர்வதுபோல் அடியிலிருந்து வளர்வதில்லை. நுனியில் வளர்கிறது. ஃபிளஜெல்லின் என்ற புரதத்தை அடியில் இருக்கும் இயந்திரம் ஒவ்வொன்றாக உட்துளைக்குள் செலுத்த, அது இழையின் முழு நீளமும் பயணப்பட்டு நுனியில் போய் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கில் செலுத்தித்தான் ஒரு முழு இழை உருவாகிறது. அதாவது கசையிழை பிறவியிலேயே ஒரு சுரப்பு இயந்திரம். அடியிலுள்ள ஏற்றுமதி உறுப்புகள் ஊசி இயந்திரத்தின் உறுப்புகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துகின்றன.

பொருந்தினால் யார் மூத்தவர்? இங்கேதான் தங்கள் கட்டுரையாளரும் நானும் ஒரே குழியில் விழுந்தோம். எளியது முந்தியது, சிக்கலானது பிந்தியது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. ஊசி எளிது. சுழலும் மோட்டாரோடு கூடிய கசையிழை சிக்கல். ஆகவே ஊசிதான் பாட்டி என்கிறோம். இதற்கு ஒரு வழக்கு மன்றக் கதையும் உண்டு. கசையிழையில் ஓர் உறுப்பைக் கழற்றினாலும் மொத்தமும் வீண், ஆகவே அது படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்று பரிணாமத்தை மறுப்பவர்கள் வாதாடி வந்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பள்ளிப் பாடத்தில் பரிணாம மறுப்பைப் புகுத்தியது பற்றிய டோவர் பள்ளி வழக்கில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர், கசையிழை உறுப்புகளில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டே ஊசி இயந்திரம் வேறு வேலை செய்கிறதே என்று எடுத்துக் காட்டினார். அந்தப் பதில் இன்றும் சரியான பதில். ஒரு பகுதி தனியாகப் பயன்படும் என்பதுதான் அங்கே பேச்சு, அந்தப் பகுதி பாட்டியா பேத்தியா என்பதல்ல. ஆனால் வாய்மொழியாகப் பரவும்போது ‘ஊசியிலிருந்து கசையிழை வந்தது’ என்று சுருங்கிப்போனது. சுருக்கத்தைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன்.

மரபணு வரிசைகள் சொல்வது நேர் எதிர். கசையிழை பாக்டீரியா உலகின் பல கிளைகளில் பரவிக் கிடக்கிறது. ஊசியோ சில கிளைகளில் மட்டும்தான். அதுவும் விலங்கு, தாவரம், ஒற்றைச் செல் உயிரிகளின் செல்களை ஒட்டி வாழ்பவற்றில் அதிகம். அந்தச் செல்கள் தோன்றுவதற்கு முன்பே நீந்த வேண்டிய தேவை இருந்திருக்கும் அல்லவா? 2012-ல் ஆபி, ரோஷா என்ற இருவர் பல நூறு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டுக் கிளைவழி வரைந்தார்கள். கசையிழை முதலில். அது நீந்தும் உறுப்புகளை இழந்து வெறும் ஏற்றுமதி இயந்திரமாகச் சுருங்கியது அடுத்து. அந்த இடைக்கட்டத்தை நினைவூட்டும் அமைப்பு, வெளிச்சவ்வு வளையம் இல்லாத ஒன்று, மிக்ஸோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் குடும்பத்தில் இன்றும் இருக்கிறது. வெளிச்சவ்வைத் துளைக்கும் வளையத்தை இந்த இயந்திரம் வேறு அமைப்புகளிடமிருந்து எடுத்துக்கொண்டது, அதுவும் ஒரே தடவை அல்ல, தனித்தனியாகப் பல தடவை. ஏணி எங்கே இருக்கிறது இதில்? துடுப்பைக் கழற்றி ஈட்டி செய்த கதை இது. கைப்பிடியைப் பக்கத்து வீட்டில் வாங்கியிருக்கிறார்கள்.

ஊசி வழியாக என்ன போகிறது என்பதைக் கட்டுரை ‘நச்சு’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டது. பாதிக்கும் மேலானவை கொல்வதற்கு அனுப்பப்படுபவை அல்ல, பேசிக் காரியம் சாதிப்பவை. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ஒரு வகை ஈ. கோலி குடல் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டுவதற்குச் செல்லின் மேற்பரப்பில் அதற்குத் தோதான கொளுவி இல்லை. என்ன செய்கிறது தெரியுமா? கொளுவியைத் தானே தயாரித்து ஊசி வழியாகச் செல்லுக்குள் அனுப்புகிறது. அது உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து நிற்கிறது. பிறகு பாக்டீரியா அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. 1997-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். ‘டிர்’ என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். விருந்தாளி தன் நாற்காலியைத் தானே சுவரேறி உள்ளே போட்டுவிட்டு, பிறகு வாசல் வழியே வந்து அதில் உட்காருவது போல.

நான்காம் வகையைப் பற்றிக் கட்டுரையில் குறை சொல்ல அதிகமில்லை. அதுவும் வேறொரு வேலைக்காரனின் வம்சம் என்பதை மட்டும் சேர்த்திருக்கலாம். பாக்டீரியாக்கள் தங்களுக்குள் டி.என்.ஏ.-வைக் கைமாற்றிக்கொள்கின்றன என்று 1946-ல் லெடர்பெர்க்கும் டேட்டமும் காட்டினார்கள் அல்லவா, அந்தக் கைமாற்று இயந்திரத்தின் உறவு இது. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தின் வேலை. அதே இயந்திரம் அக்ரோபாக்டீரியத்தில் தன் மரபணுத் துண்டைத் தாவரச் செல்லுக்குள் அனுப்பிக் கழலையை உண்டாக்குகிறது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டரில் டி.என்.ஏ.-வை விட்டுவிட்டுப் புரதத்தை அனுப்புகிறது. நிமோனியா தரும் லீஜியனெல்லா இந்த ஒரே வழியில் 300-க்கும் மேற்பட்ட விதவிதமான புரதங்களை அனுப்புகிறது. முந்நூறு!

ஆறாம் வகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத அனுமதி வேண்டும். என் இரண்டாவது தவறு அங்கே இருக்கிறது.

காலரா பாக்டீரியா மாதிரிகளைப் பார்க்கும்போது நீண்ட, தடித்த, சுருங்கிய உறைகள் அங்கங்கே கிடக்கும். பார்த்தால் ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், அதன் வால் போலவே இருக்கும். ‘ஃபேஜ் வால் குப்பை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் செப்பு வலையின் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துவிடுவேன். 2006-ல் ஆறாம் வகை என்ற பெயரே வந்தது. சில ஆண்டுகள் கழித்து அதன் உறையைப் படத்தில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. நான் குப்பை என்று ஒதுக்கியதில் எத்தனை இதுவாக இருந்திருக்குமோ! தலை இல்லாத வால்கள் மட்டும் ஏன் இத்தனை கிடக்கின்றன என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

ஆனால் முழுக்க என் தவறும் இல்லை. அது ஃபேஜ் வாலின் உறவேதான். ஃபேஜ் வெளியிலிருந்து உள்ளே குத்தும். இது அதே கருவியை உள்ளே நிறுத்தி வெளியே குத்துகிறது. நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றி விறைத்து நிற்கும் உறை, முனையில் ஒரு கூர்மை. உறை சுருங்கினால் குழாய் கூர்முனையோடு பக்கத்துச் செல்லுக்குள் பாய்ந்துவிடும்.

2012-ல் இந்த உறையில் பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டி உயிருள்ள காலரா பாக்டீரியாவுக்குள்ளேயே படம் எடுத்தார்கள். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன் அந்தக் காணொளியைக் கணினியில் பார்த்தேன். என் நுண்ணோக்கியில் நான் பார்த்ததெல்லாம் உலர்ந்த, சாயமேறிய பிணங்கள். இங்கே ஒரு பச்சைக் கோடு செல்லின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை இருபது முப்பது நொடிகளில் வளர்கிறது. திடீரென்று பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சுருக்கம் 5 மில்லிநொடிக்குள். காணொளியில் ஒரு சட்டத்தில் நீளம், அடுத்த சட்டத்தில் குட்டை, நடுவில் எதுவும் பிடிபடவில்லை. அப்புறம் ஒரு நிமிடத்துக்குள் உறையைப் பிரித்து, துண்டுகளை எடுத்து, இன்னோர் இடத்தில் மறுபடி கட்ட ஆரம்பிக்கிறது. எய்த குழாயும் முனையும் போனது போனதுதான், உறை மட்டும் மிச்சம். திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஈட்டி பெரும்பாலும் மனிதனுக்கு எதிராக ஓங்கப்படுவதல்ல. இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் மற்றப் பாக்டீரியாக்களுக்கு எதிரானது. சொந்தக்காரர்களிடம் அந்தந்த நச்சுக்கு முறிவுப் புரதமும் சேர்ந்தே இருக்கும், ஆகையால் குத்துப்பட்டாலும் சாகமாட்டார்கள். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் இன்னொரு குணம். தன்னை யாராவது குத்தினால், குத்து விழுந்த அதே இடத்திலிருந்து திருப்பிக் குத்தும். 2013-ல் இதைக் காட்டினார்கள். ஈட்டி இயந்திரம் பழுதான காலரா பாக்டீரியாவைப் பக்கத்தில் விட்டால் சும்மா இருக்கிறது. வேலை செய்யும் ஈட்டியோடு வருபவனுக்கு மட்டும்தான் பதிலடி. காலரா பாக்டீரியாவோ பக்கத்துச் செல்லைக் குத்திக் கிழித்து, சிந்தும் டி.என்.ஏ.-வைத் தனக்குள் எடுத்துக்கொள்ளவும் இதே ஈட்டியைப் பயன்படுத்துகிறது.

ஏணியில் ஆறுக்கு மேல் ஏழு. இது எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு இரண்டு வரி போதும். ஏழாம் வகை காசநோய்க் கிருமியின் குடும்பத்துக்கு உரியது. அந்தக் கிருமியின் வெளிச்சுவரே மெழுகு போன்ற வேறொரு சங்கதி. ஆறாம் வகையோடு இதற்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பி.சி.ஜி. தடுப்பூசி தெரியும் அல்லவா? கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 1921 வரை மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 தடவை மறுவளர்ப்புச் செய்து வீரியம் இழக்கவைத்தார்கள். எதை இழந்தது என்று அவர்களுக்கே தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது, கிருமி தொலைத்தவற்றில் முக்கியமானது ஏழாம் வகை இயந்திரம் ஒன்றின் மரபணுத் துண்டு என்று. அந்த இயந்திரம் சுரக்கும் புரதங்கள் பி.சி.ஜி.-யில் இல்லை, நிஜக் காசநோய்க் கிருமியில் உண்டு. தடுப்பூசி போட்டவருக்கும் தொற்று உள்ளவருக்கும் வித்தியாசம் காட்டும் ரத்தப் பரிசோதனை இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் நடக்கிறது. இவ்வளவு நல்ல கதையைக் கட்டுரை அரை வாக்கியத்தில் கடந்துவிட்டதே என்று எனக்கு ஆதங்கம். ஒன்பதாம் வகையையும் உச்சிப்படியில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறீர்கள். ஈறு நோய்க்குக் காரணமான ஒரு பாக்டீரியாவும் அதன் உறவினர்களும் வைத்திருக்கும் தனிக் குடும்பம் அது. உச்சியுமில்லை, அடியுமில்லை.

கட்டுரைத் தலைப்பில் இருந்த ‘ஆயுதக் கிடங்கு’ என்ற சொல்லையும் மறுபரிசீலனை செய்யலாம். அவரை இனச் செடிகளின் வேரில் முடிச்சுப் போட்டு நைட்ரஜன் தரும் சில ரைசோபியங்கள் அதே ஊசியால் செடியோடு ஒத்துப்போகின்றன. கடலில் ஒரு பாக்டீரியா வெளியிடும் ஃபேஜ் வால் போன்ற அமைப்பைத் தொட்ட பிறகுதான் ஒரு குழாய்ப் புழுவின் குஞ்சு நீந்துவதை விட்டு ஓரிடத்தில் அமர்ந்து உருமாறுகிறது. ஆயுதம் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது?

தங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். திருத்தம் போடும்போது ஏணியை எடுத்துவிட்டு, நடுவில் இந்த இயந்திரங்களையும் சுற்றிலும் அவை வந்த இடங்களையும், அதாவது கசையிழை, டி.என்.ஏ. கைமாற்று இயந்திரம், ஃபேஜ் வால், பைலஸ் இழை ஆகியவற்றையும் வரைந்து கோடு இழுத்துக் காட்டுங்கள். வம்சம் தெரியாதவற்றுக்குக் கோடே வேண்டாம்.

படம் வேண்டுமானால் என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று நான் தவறாக எழுதிக் கொடுத்த அந்தப் பழைய அச்சு, மற்றொன்று அதே மாணவன் சரியான ரகத்தோடு திரும்ப வந்து எடுத்தது. அனுப்பி வைக்கிறேன். பழையதன் பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ‘ஊசி’ என்று இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். வளைந்திருப்பது கசையிழையின் கொக்கி, நேராக இருப்பதுதான் ஊசி. அச்சிடும்போது இரண்டிலும் வளையங்கள் கீழ்ப்பக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறைப் பணியாளர்
(பெயரை வெளியிட வேண்டாம்)